பக்கத்து வீட்டுப் பெடியனின் கைராசி

மச்சான் ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து வரும்போதெல்லாம் சொக்லேட், பிள்ளைகளுக்குச் சப்பாத்து, அம்மாவின் முழங்காலுக்கு ஏதோ ஒரு களிம்பு என்று பெட்டி நிறையக் கொண்டுவருவார். போன முறை வந்தபோது இரண்டு துவாய்க்கு நடுவில் சுற்றியிருந்த ஒன்றைப் பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் எடுத்து என் மேசையில் வைத்தார். ஒரு பழைய சர்க்கியூட் போர்ட். அட்டாரி கொம்பனியின் சென்டிபீட், காளான்களுக்கு நடுவில் இறங்கிவரும் பூரானைத் துப்பாக்கியால் சுடும் 1981ஆம் ஆண்டு விளையாட்டு. காசு போட்டு நின்றபடி விளையாடும் ஆளுயரப் பெட்டிகளுக்குள் இருந்தது. பெட்டி இல்லை, திரை இல்லை, உருட்டும் பந்தும் இல்லை. போர்ட் மட்டும்.

"நான் போன புதுசில ராவேலை செய்த டோனட் கடையின்ர மூலையில இது நிண்டது. வேலை முடிய ஒவ்வொரு விடியக்காலையும் ஒரு குவாட்டர் காசு, இருபத்தஞ்சு சதம், இதுக்குள்ள போடுவன். கையில காசில்லாத காலம், அண்டைக்கும் போடுவன்" என்றார். "அடுத்த முறை வரேக்க இதில விளையாடோணும். நீ பாத்துச் செய்."

நான் பிழைப்புக்குச் செய்வது மீன்பிடிப் படகுகளின் வயர்லெஸ், ஜி.பி.எஸ்., பிஷ் பைண்டர் திருத்துவது. உப்புத் தண்ணீர் குடித்த போர்டுகள் எனக்குப் பழக்கம். அதனால் போர்டைப் பார்த்துப் பயம் வரவில்லை. நடுவில் 6502 புரொசெசர், சத்தத்துக்குப் போக்கி என்ற சிப், சுற்றிவர வரிசையாக டி.டி.எல். எனும் பழைய 5 வோல்ட் வகை ஐ.சி.கள். கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய அளவில் எல்லாம் இருந்த காலத்துச் சாமான். ஆனால் ட்ராக்போல் என்பதை அதுவரை நான் தொட்டதில்லை.

ட்ராக்போல் வேறொன்றுமில்லை, மல்லாத்திப் போட்ட பழைய பந்து மௌஸ். பந்து மேலே, உள்ளங்கை அதன்மேல். இந்தச் சாமானுக்கும் எங்கள் ஊரான திருகோணமலைக்கும் ஒரு தூரத்துச் சொந்தம் இருப்பதைப் பிறகுதான் வாசித்தேன். 1946இல் ரால்ஃப் பெஞ்சமின் என்பவர் பிரித்தானியக் கடற்படையின் ராடார் திரைக்காக உருட்டுப் பந்து ஒன்றைச் செய்தார். இராணுவ இரகசியம் என்று மூடி வைத்துவிட்டார்கள். அந்தக் கடற்படை 1957 வரை எங்கள் துறைமுகத்தில்தான் முகாம் வைத்திருந்தது. 1952இல் கனடாக் கடற்படையின் டாட்டார் என்ற திட்டத்தில் இன்னொரு பந்து செய்தார்கள். அதற்கு எடுத்தது ஐந்து குற்றி பௌலிங் விளையாட்டின் பந்தை. அந்த விளையாட்டுப் பிறந்த ஊர் ரொறன்ரோ. மச்சானிடம் போனில் சொன்னேன். "அப்ப இதில பாதி எனக்கு, பாதி உனக்கு" என்றார்.

முதல் பிழையைச் சொல்லிவிடுகிறேன், அது பெரிய சத்தத்தோடு நடந்தது. போர்டோடு ஒரு பவர் சப்ளையையும் மச்சான் கொண்டுவந்திருந்தார், ஆர்கேட் பெட்டிகளுக்குப் போடும் இரும்புக்கூட்டு வகை. அதன் பக்கத்தில் 115, 230 என்று ஒரு சின்னத் தள்ளு சுவிட்ச். கனடாவில் இருந்த சாமான், 115இல் நின்றது. நான் பார்க்கவில்லை. எங்கள் 230 வோல்ட்டில் செருகியதும் டமார் என்று வெடித்து, வெள்ளைப் புகை வந்தது. 115 நிலையில் அந்தச் சப்ளை வரும் மின்னழுத்தத்தை உள்ளே இரட்டிப்பாக்கும். 200 வோல்ட் தாங்கும் கப்பாசிற்றர் இரண்டும் தலைக்கு 325 வோல்ட் வாங்கினால் என்ன செய்யும்? அம்மா குசினியிலிருந்து "என்னடா, போர் தொடங்கிட்டுதா?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் அது பகிடியாகச் சொல்கிற கேள்வி இல்லை, அவருடைய முகத்திலேயே தெரிந்தது.

நல்லகாலம், போர்டை அதில் கொளுவியிருக்கவில்லை. எந்தச் சப்ளையையும் முதலில் ஒரு சின்ன கார் பல்ப்பைச் சுமையாகப் போட்டு, மீற்றரால் அளந்துவிட்டுத்தான் போர்டில் கொளுவுவது என் வழக்கம். அந்த வழக்கம்தான் நாற்பது வருடத்துப் போர்டைக் காப்பாற்றியது. அதன்பிறகு ஒரு பழைய கொம்பியூட்டர் சப்ளையைப் போட்டேன். அதில் பச்சை வயரைக் கறுப்போடு சேர்த்தால் எழும்பும். சிவப்பில் 5 வோல்ட், மஞ்சளில் 12.

அட்டாரியின் இந்தப் போர்ட் ஜாமாவுக்கு முந்தியது. ஜாமா என்பது 1985இல் ஜப்பான்காரர் கொண்டுவந்த ஒரு பொது இணைப்பு ஒழுங்கு: 56 முனை, பக்கத்துக்கு 28. இன்றைக்கு ஆர்கேட் போர்ட் வைத்திருப்பவர்கள் எல்லாவற்றையும் அதற்கு மாற்றிக்கொள்ள அடாப்டர் விற்கிறார்கள், அதுவும் மச்சானின் பெட்டியில் இருந்தது. ஆனால் ஜாமாவின் 56 முனையில் ட்ராக்போலுக்கு என்று ஒரு முனைகூடக் கிடையாது. ஜோய்ஸ்டிக்கும் பட்டனும் மட்டும்தான். பந்துள்ள விளையாட்டு என்றால் அதற்கான வயர் எப்போதும் தனியாகத்தான் வரும். என் அடாப்டரின் ஒரு மூலையில் ஆறு ஊசி நிமிர்ந்து நின்றது: 5 வோல்ட், தரை (கிரவுண்ட்), கிடைக்கு இரண்டு, நிலைக்கு இரண்டு. அந்த ஆறு ஊசிக்குத்தான் அடுத்த இரண்டு மாதம் போனது.

பந்துக்கு முன் போர்டை எழுப்ப வேண்டும். போர்டின் ஓரப் பற்கள் மங்கிக் கிடந்தன. படகுக்காரர் சிலர் இப்படியானதை மண்கடதாசியால் தேய்த்துக்கொண்டு வருவார்கள், எனக்கு வயிறு எரியும். மேல்பூச்சுப் போனால் இந்த ஊர்க் காற்றுக்கு உள்ளேயிருக்கும் செம்பு இரண்டு மாதம் தாங்காது. பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை அழிறப்பரும், பாமசியில் வாங்கிய ஸ்பிரிட்டும் போதும். படத்துக்கு ஆர்.ஜி.பி. சமிக்ஞையை வி.ஜி.ஏ.யாக மாற்றும் மலிவான சின்னப் போர்ட் ஒன்று, ஒரு பழைய மொனிற்றர். சென்டிபீட் நெடுக்குத் திரை விளையாட்டு, ஆகவே மொனிற்றரைப் பக்கவாட்டில் நிமிர்த்தி வைத்தேன்.

படம் வந்தது. காளான் எல்லாம் வந்தது. ஐந்து நிமிடத்தில் திரை அலங்கோலமாகி, திரும்பத் தொடங்கியது. இதில் ஒரு நாள் போனது. சப்ளையின் வாயில் அளந்தால் 5.08 வோல்ட், அச்சாவாக இருந்தது. போர்டில், ஐ.சி.யின் காலில் நேராக வைத்து அளந்தால் 4.71. டி.டி.எல். சிப்புக்குக் குறைந்தது 4.75 வேண்டும். வயர் மெல்லிசு, நடுவில் இரண்டு இணைப்பு, ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் தின்றுவிட்டது. 5 வோல்ட்டுக்கும் தரைக்கும் தடித்த வயரை இரட்டையாகப் போட்டதும் 4.98 காட்டியது, திரையும் அடங்கியது. தரை வயரை எல்லோரும் மறந்துவிடுவார்கள். போகும் கரண்ட் முழுவதும் திரும்பி வருவது அதில்தான்.

இனிப் பந்து. கொழும்பிலிருந்து வருவித்தது 2¼ அங்குலப் பந்து. சென்டிபீட்டின் சொந்தப் பந்தும் அதே அளவுதான் என்பதால் எடுத்தேன். அதன் வால் யூ.எஸ்.பி. கொம்பியூட்டரில் செருகிப் பார்த்தேன், மௌஸ் போல அழகாக ஓடியது. புதுப் பந்து வாங்கினால் முதலில் இதைச் செய்துவிடுங்கள். பந்தும் உருளையும் வெளிச்சம் உணரும் கண்ணும் சுகமாக இருக்கின்றன என்று தெரிந்துகொண்டால், பிறகு வரும் கோளாறெல்லாம் நாம் வைத்த கையால் வந்தது என்று பேசாமல் ஒத்துக்கொள்ளலாம்.

யூ.எஸ்.பி.யை அப்படியே பழைய போர்டுக்குக் கொடுக்க முடியாது. 1981இல் யூ.எஸ்.பி. என்ற சொல்லே இல்லை. போர்ட் கேட்பது பந்தின் கண் பார்ப்பதை அப்படியே, மொழிபெயர்ப்பு இல்லாமல். பந்தைக் கழற்றினால் கீழே ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு உருளை, சமநிலைக்கு மூன்றாவதாக ஒரு சின்ன பேரிங். ஒவ்வொரு உருளையின் நுனியிலும் பற்கள் வெட்டிய ஒரு தட்டு. தட்டின் ஒரு பக்கம் அகச்சிவப்பு எல்.இ.டி., மறுபக்கம் இரண்டு கண். பந்து உருள, தட்டுச் சுற்ற, கண்ணுக்கு வெளிச்சமும் இருளும் மாறி மாறி வரும்.

ஒரு கண் போதாதா? எவ்வளவு உருண்டது என்று எண்ண ஒன்று போதும். எந்தப் பக்கம் உருண்டது என்று சொல்லத்தான் இரண்டாவது. டொக்யார்ட் வீதியில் பக்கத்துப் பக்கத்து வீட்டு வாசலில் இரண்டு கிழவிகள் இருக்கிறார்கள் என்று வையுங்கள். பஸ் போனது என்று இருவரும் சொல்வார்கள். யார் முதலில் கண்டது என்று கேட்டால்தான் பஸ் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று தெரியும். இரண்டு கண்ணும் பல்லின் கால்வாசித் தூரம் விலகி இருப்பதால் 00, 01, 11, 10 என்று ஒரு ஒழுங்கில் மாறும். மறுபக்கம் உருட்டினால் அதே ஒழுங்கு தலைகீழாக வரும். அட்டாரியின் வரைபடத்தில் ஒரு கண்ணுக்குக் குளொக் என்றும் மற்றதற்குத் திசை என்றும் பெயர். பார்த்ததும் இது வேறு வகை என்று நான் பயந்தேன். வேறு ஒன்றும் இல்லை. அதே இரண்டு கிழவிகள்தான்: ஒருத்தி கூப்பிடும் நொடியில் மற்றவளின் முகத்தைப் பார்த்துத் திசையைக் குறித்துக்கொள்கிறது போர்ட்.

சரி, யூ.எஸ்.பி. சிப் இருந்த குட்டிப் போர்டைக் கழற்றிவிட்டு, இரண்டு கண்ணிலிருந்தும் வரும் வயரை நேராக எடுத்தேன். இங்கே வயரின் நிறத்தை நம்ப வேண்டாம். எனக்கு வந்ததில் சிவப்பு 5 வோல்ட் இல்லை, ஒரு கண்ணின் சமிக்ஞை. கண் போர்டின் செம்புப் பாதையை எல்.இ.டி. வரைக்கும் விரலால் தொடர்ந்துபோய்ப் பார்த்ததால் தப்பினேன். எல்.இ.டி. எரிகிறதா என்று பார்க்க ஒரு சுகமான வழி உண்டு: அகச்சிவப்பு நம் கண்ணுக்குத் தெரியாது, போன் கமராவுக்குத் தெரியும். செல்பி எடுக்கும் முன்பக்கக் கமராவில் மங்கலான ஊதாவாக எரிந்தது.

மீற்றரை வைத்துப் பந்தை மெதுவாக, எறும்பு நகர்வதுபோல் உருட்டினேன். மெதுவாக என்பது முக்கியம். வேகமாக உருட்டினால் மீற்றர் நடுவில் ஒரு சராசரியைக் காட்டிக்கொண்டு நிற்கும், ஒன்றும் விளங்காது. 0க்கும் 5க்கும் இடையே குதிக்கும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றுமே வரவில்லை. கண்ணுக்கு வேண்டிய ரெசிஸ்டர்களும் நான் கழற்றி வீசிய குட்டிப் போர்டில்தான் இருந்திருக்கின்றன. ஒவ்வொரு சமிக்ஞையிலிருந்தும் தரைக்கு ஒரு 10 கிலோ ஓம் போட்டதும் குதித்தது. ஆனால் இருளில் 0.4 வோல்ட், வெளிச்சத்தில் 2.1. இதை டி.டி.எல்.லுக்குக் கொடுத்தால் விளிம்பில் நின்று நடுங்கும். மௌஸ் சிப்பின் வயிற்றில் இந்த அரைகுறை அலையைச் சீராக்கும் பகுதி உண்டு, பழைய போர்டில் இல்லை. நல்ல ஆர்கேட் பந்துகளில் அது கண் போர்டிலேயே இருக்கும். மலிவுப் பந்தில் அதைத்தான் மிச்சம் பிடிக்கிறார்கள்.

வேண்டியது ஒரு கொம்பரேற்றர்: இரண்டு முனைக்கு வரும் வோல்ட்டை ஒப்பிட்டு, எது கூட என்று சொல்லும் பகுதி. எல்.எம். 339 என்ற ஐ.சி.யில் நாலு கொம்பரேற்றர், எனக்கு வேண்டியதும் நாலு. கொழும்புக்குச் சொல்லிவிட்டுப் பஸ் பார்சலுக்குக் காத்திருக்கத் தேவையில்லை; செத்துப்போன பழைய கொம்பியூட்டர் சப்ளைகளைத் திறந்தால் பலதில் ஒன்று இருக்கும். என் குப்பைப் பெட்டியில் இரண்டாவது சப்ளையிலேயே கிடைத்தது. ஒவ்வொரு சமிக்ஞையும் 10 கிலோ ஓம் வழியாக நேர் முனைக்கு, எதிர் முனை நாலும் ஒன்றாக ஒரு சின்னத் திருகு ரெசிஸ்டருக்கு. அதை இருளுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவில், 1.2 வோல்ட்டில் வைத்தேன். இந்த ஐ.சி. தன் வெளிவாயைத் தரைக்கு இழுக்க மட்டும்தான் அறியும், மேலே தூக்கத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு வெளிவாய்க்கும் 5 வோல்ட்டிலிருந்து 4.7 கிலோ ஓம். வெளிவாயிலிருந்து நேர் முனைக்குத் திரும்ப ஒரு 1 மெகா ஓம் போட்டால் விளிம்பில் நடுங்குவதும் நிற்கும். இதை விட்டுவிட்டுச் செய்தும் பார்த்தேன். பந்தைத் தொடாமல் மேசையைத் தட்டினாலே துப்பாக்கி ஆடியது.

கொளுவினேன். சென்டிபீட்டில் துப்பாக்கி திரையின் அடிப்பகுதிக்குள் நாலு பக்கமும் போகும், அதனால்தான் இரண்டு அச்சும் வேண்டும். எனக்கு மேலும் கீழும் சரியாகப் போனது. பக்கவாட்டில் பந்தை எந்தப் பக்கம் உருட்டினாலும் இடப்பக்கம் மட்டுமே போய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டது. இந்த அறிகுறியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அது கோளாறின் விலாசத்தையே சொல்கிறது. குளொக் செத்திருந்தால் அந்த அச்சில் அசைவே இராது. அசைகிறது, ஆனால் ஒரு பக்கம் மட்டும் என்றால் திசைக்கான வயர் ஒரே நிலையில் உறைந்து கிடக்கிறது. பார்த்தால், திசை ஊசியில் ஈயம் பார்வைக்குப் பிடித்ததுபோல் இருந்து, உள்ளே பிடிக்கவில்லை. கண்ணாடி போட்டும் தெரியாத வயது. மறுபடி சூடுகாட்டியதும் சரி.

வலம் இடம் மாறி ஓடினால் அந்த அச்சின் இரண்டு வயரையும் ஒன்றுக்கொன்று மாற்றினால் போதும். பக்கவாட்டில் உருட்ட மேலே போனால் ஒரு சோடியை மற்றச் சோடியின் இடத்துக்கு மாற்ற வேண்டும். இதற்காகப் போர்டில் எதையும் வெட்டாதீர்கள், ஒட்டாதீர்கள். மாற்றம் எல்லாம் பந்தின் பக்க வயரில் இருக்கட்டும். அது மலிவு, போர்ட் மலிவில்லை. கரண்டை நிறுத்தாமல் கழற்றிப் பூட்டுவதும் வேண்டாம்.

அன்று பின்னேரம் அருமையாக ஓடியது. இரவு பதினொரு மணிவரை விளையாடினேன். அடுத்தநாள் காலை போட்டால் துப்பாக்கி அசையவே இல்லை.

எங்கள் வீடு டச்சு விரிகுடாப் பக்கம். விறாந்தை கிழக்குப் பார்த்தது, என் வேலை மேசை அங்கேதான். ஆடி மாதம், கச்சான் காற்று அடுப்பிலிருந்து வருவதுபோல் வீசும். சூட்டில் ஐ.சி. மயங்குகிறது என்று நினைத்தேன். படகுச் சாமான்களில் அப்படி நடந்து பார்த்திருக்கிறேன். மேசைக் காற்றாடியைத் திருப்பிவிட்டேன். ஒன்றுமில்லை. 5 வோல்ட்டை அளந்தேன், சரி. ஈயமெல்லாம் திரும்பச் சூடுகாட்டினேன். பின்னேரம் தானாக ஓடியது. என் சூடுகாட்டல்தான் சரிசெய்தது என்று பெருமைப்பட்டுக்கொண்டு படுத்தேன். மறுநாள் காலை பழையபடி.

பக்கத்து வீட்டுப் பெடியனுக்குப் பத்து வயது. பள்ளி விடுமுறை. மதிலேறி வந்து மேசைக்கு மேல் குனிந்து, "மாமா, இதென்ன, பூரானா?" என்று கேட்டான். அவன் கேட்கும்போது பந்தில் என் கை இருந்தது. துப்பாக்கி ஓடியது. நான் துள்ளி எழும்பினேன். அவன் பயந்து விலகினான். நின்றுவிட்டது.

"இஞ்ச வா, திரும்ப நில்லு." நின்றான், ஓடியது. "போ." போனான், நின்றது.

"ஏன் மாமா, நான் நிண்டா மட்டும் ஓடுது?"

அம்மா விறாந்தைக்கு வந்து இரண்டு தரம் பார்த்தார். "அது பிள்ளையின்ர கைராசி. நீ பேசாமல் அவனை வச்சுக்கொண்டு வேலை செய்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, அவனுக்கு ஒரு ரொட்டியும் சம்பலும் கொடுத்தார். அடுத்த மூன்று நாள் நான் உண்மையாகவே அப்படித்தான் செய்தேன். வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், சம்பளம் ஐஸ்பழம். அவன் உடம்பு ஏதோ அன்டெனா போல் தரைக்கு உதவுகிறது என்றெல்லாம் எனக்குள் ஒரு விளக்கமும் கட்டி வைத்திருந்தேன். பழைய வயர்லெஸ் திருத்துகிறவனுக்கு இந்த வியாதி உண்டு, எதைக் கண்டாலும் தரைப் பிரச்சினை.

நாலாம் நாள் பெடியன் வரவில்லை. நான் பந்தை உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, கடலுக்கு மேல் ஒரு முகில் வந்து வெயிலை மறைத்தது. துப்பாக்கி நகர்ந்தது. முகில் போனது, துப்பாக்கி நின்றது. அவ்வளவுதான் விஷயம். கைராசி இல்லை, நிழல்.

மீற்றரைக் கண் போர்டில் வைத்தேன். இரவில் இருள் நிலையில் 0.4 காட்டிய சமிக்ஞை, காலை வெயிலில் 1.8 காட்டியது. என் கோடு 1.2இல். தட்டின் பல் எல்.இ.டி.யின் வெளிச்சத்தை மறைத்தாலும், திறந்த மேசையில் கிடந்த கண்ணுக்குப் பின்னாலிருந்து சூரியன் கொட்டிக்கொண்டிருந்தது. சூரிய வெளிச்சத்தில் அகச்சிவப்புத் தாராளம். ஒரு சின்ன எல்.இ.டி. அதனோடு எப்படிப் போட்டி போடும்? கண் எப்போதும் வெளிச்சம், எப்போதும் வெளிச்சம் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. மாற்றம் இல்லாவிட்டால் எண்ணிக்கையும் இல்லை. இந்தச் சாமான் இருட்டுப் பெட்டிக்குள், இருட்டுக் கடைக்குள் இருக்கப் பிறந்தது. அதைக் கழற்றிக் கிழக்கு விறாந்தையில் வெயில் காய வைத்தது நான்.

மூடினால் தீர்ந்தது என்று கறுப்பு சொப்பிங் பை ஒன்றை வெட்டிச் சுற்றினேன். பாதிதான் சரிவந்தது. கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் பிளாஸ்டிக் எல்லாம் அகச்சிவப்புக்கும் கறுப்பு என்று இல்லை. இதைச் சோதிக்க ரி.வி. ரிமோட்டை அந்தப் பையின் பின்னால் பிடித்து அமத்தி, போன் கமராவில் பார்க்கலாம். என் பைக்கு ஊடாக ரிமோட் நன்றாகவே தெரிந்தது. பிறகு பிஸ்கட் பெட்டியின் அட்டையை வெட்டி, அதன் வெளிப்பக்கம் மட்டும் அலுமினியத் தாள் ஒட்டி, கூடு ஒன்று செய்து மூடினேன். உள்பக்கம் ஒட்டினால் கண் போர்டின் கால்களைத் தொட்டுச் சோட் ஆகும், அந்தப் புத்தி அப்போதாவது வந்தது. மூடிய பிறகு உச்சி வெயிலிலும் 0.4 தான். கோட்டை மட்டும் 1.3க்குத் தூக்கிவிட்டேன்.

பிறகு மொனிற்றரோடு எல்லாவற்றையும் ஒரு மரப்பெட்டிக்குள் வைத்தேன். தச்சன் பலாப்பலகையில் செய்து தந்தார், ஆர்கேட் பெட்டி மாதிரி இல்லை, சாமித்தட்டு மாதிரி வந்தது. பரவாயில்லை. கண்ணிலிருந்து அடாப்டர்வரை வயரை ஒரு முழத்துக்கு மேல் நீட்டவில்லை. கொம்பரேற்றரைப் பந்துக்குப் பக்கத்திலேயே வைத்து, சீராக்கிய சமிக்ஞையைத்தான் தூரம் அனுப்பினேன். மொனிற்றரின் கரண்ட் வயரோடு சேர்த்துக் கட்டவும் இல்லை.

வேகம் கொஞ்சம் கூட. என் பந்தின் தட்டில் பற்கள் நெருக்கம், உருட்டினால் துப்பாக்கி பறக்கும். சென்டிபீட்டின் எண்ணி 4 பிட், 0 முதல் 15 வரைதான் எண்ணும். புரொசெசர் இரண்டு முறை எட்டிப் பார்ப்பதற்குள் அதைத் தாண்டி ஒரு சுற்று வந்துவிட்டால் கணக்குப் பிழைக்கும். பந்தை மூர்க்கமாக அடித்தால் மட்டும்தான் அப்படி நடந்தது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.

எதிர்பாராதது மணல். இந்த ஊரில் ஜன்னலைப் பூட்டினாலும் மணல் வரும். மூன்று கிழமையில் பந்து கரகரத்தது. பந்தின்மேல் இருக்கும் கையின் வியர்வை, மணல் இரண்டும் சேர்ந்து உருளையில் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் கட்டும். நகத்தால் சுரண்டாமல் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைக்க வேண்டும். பேரிங்குக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஊசி முனையால் ஒரு துளி. தேங்காய் எண்ணெய் வேண்டாம். அம்மா சொன்னார் என்று நான் போட்டேன், இரண்டு கிழமையில் அது பிசினாகி மணலை இழுத்து வைத்துக்கொண்டது. பந்தை மட்டும் சவர்க்காரத்தில் கழுவலாம், நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள்.

மச்சான் இந்த ஆடியில் வந்தார். பெட்டியைத் திறந்து சாமான் கொடுக்கவும் இல்லை, நேராக விறாந்தைக்குப் போனார். வலது உள்ளங்கையைப் பந்தின்மேல் வைத்துக் கொஞ்ச நேரம் உருட்டாமலே நின்றார். "அந்தக் கடைப் பந்து இதைவிடப் பாரம்" என்றார். பிறகு தொடங்கினார். ஒரு நிமிடத்தில் செத்தார். திரும்பவும் செத்தார். கையில் நாற்பது வருடம், கண்ணில் வெள்ளெழுத்து.

சென்டிபீட் முதல் மூன்று புள்ளிகளைக் கரண்ட் போனாலும் மறக்காது, அதற்கென்று ஒரு நினைவுச் சிப் போர்டில் உண்டு. அந்த மூன்று இடத்திலும் இருப்பது பெடியனின் பெயர் எழுத்துகள். மச்சானுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஏழாவது ஆட்டமும் போனபின் வேர்வையைத் துடைத்துக்கொண்டு மதில் பக்கம் திரும்பினார்.

"தம்பி, இஞ்ச கொஞ்சம் வந்து எனக்குப் பக்கத்தில நில்லும் பாப்பம்."

"ஐஸ்பழம் வேணும்" என்றான் அவன், மதிலை விட்டு இறங்காமல்.